திருச்சபையின் போதனையும் நடைமுறையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு 'சமயமும் சமுதாய முன்னேற்றமும்' என்பதாகும். அஃது ஒரு நாள் முழுதும் பேசினாலும் தீராத பொருள். ஆதலின் கிறித்தவத் திருச்சபைகள் தாம் போதிப்பதைத் தம் நடைமுறையில் எவ்வளவு கைக்கொண்டன என்னும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மகிழ்ச்சியான விழாவில் இத்தகைய பேச்சு எதற்கு, நம் சங்கத்தில் கிறித்தவக் குடும்பங்களும் இருக்கின்றனவே, அவர்கள் மனம் புண்படாதா என்று அன்பர் சிலர் கேட்டனர். அவர்கள் இருப்பதால்தான் பேசுகிறோம். ஒரே பாட்டனாரின் பேரர்களில் ஒருவர் மாரியம்மன் கோயிலுக்கும் மற்றொருவர் மாதா கோயிலுக்கும் செல்லும் ஊர் நம்முடையது. அவருடைய துன்பம் நம் துன்பமே.

முதலில் நன்றியைக் கூறிவிடுவது முறை. நம் தெருக்கள் பலவற்றில் முதன்முதலாகச் சிலேட்டும் பலகையும் கொண்டுவந்து வைத்தவர்கள் பாதிரிமார்களே. மற்றவர் நம் நிழலுக்கு அஞ்சி ஒதுங்கிய காலத்தில் நம் குடிசைக்குள் நுழைந்து காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர்கள் அவர்கள். செங்கற்பட்டு மாவட்டத்தில் நம் மக்கள் ஒரு சாண் மனைக்கும் உரிமையற்றுக் கிடந்ததை ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் வெளிப்படுத்தினர். அம்மாவட்ட ஆட்சியர் டிரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையும், அதன் பின்னர்ப் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டதும் நீங்கள் அறிந்தவை. இவற்றை மறந்து பேசுவோமாயின் நாம் நேர்மையற்றவர் ஆவோம்.

இனி, எந்த அளவுகோலைக் கொண்டு அளப்பது? நம்முடைய கோலைக் கொண்டு அளந்தால் அது பகைமை எனப்படும். ஆகவே அவர்களுடைய வேதத்தையே அளவுகோலாகக் கொள்வோம். பொன் மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல ஆசனமும், கந்தை உடுத்து வருபவனுக்குக் காலடியில் இடமும் கொடுப்பது பாவம் என்று யாக்கோபு தம் நிருபத்தில் கடிந்துரைக்கிறார். யூதருக்கும் புறவினத்தாருக்கும் இடையே நின்ற பிரிவினைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலாலேயே தகர்த்தார் என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் கூறுகிறது. இவ்விரண்டையும்விட நம் நெஞ்சைத் தொடுவது அந்தியோகியாவில் நடந்ததாகக் கலாத்தியர் நிருபத்தில் பவுல் கூறும் செய்தி. பேதுரு அங்கே புறவினத்தாருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தனர். அவர்கள் என்ன சொல்வார்களோ என்று அஞ்சிப் பந்தியை விட்டு மெல்ல விலகிக்கொண்டார். தலைமைச் சீடர் என்றும் பாராமல் பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்துக் கண்டித்தார்.

இந்த அந்தியோகியாப் பந்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் பேதுரு விலகியதைப் பல முறை காண்கிறோம். பவுல் எழுந்து கண்டித்ததைச் சில முறையே காண்கிறோம்.

1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். தமிழிலும் வடமொழியிலும் பெரும்புலமை பெற்றவர் என்பதில் ஐயமில்லை. அந்தணரையும் உயர்குடியினரையும் ஈர்க்கும் பொருட்டு அவர்தம் ஆசாரங்களை மேற்கொண்டார். அங்கே முன்பிருந்தே பணியாற்றி வந்த தம் சபைத் துறவியிடமிருந்தும் விலகி வாழ்ந்தார். பின்னர்த் தாழ்த்தப்பட்டோர் நடுவில் பணிபுரியப் பண்டாரசாமிகள் என்னும் தனிப் பிரிவினர் ஏற்பட்டனர். மேற்குடிக்கு ஒரு குரு, கீழ்க்குடிக்கு ஒரு குரு. ஒரே ஆண்டவர், ஒரே ஞானஸ்நானம் என்று கற்பித்தவர்கள்தாம் இதனைச் செய்தனர். மேற்குடியினர் முதலில் வந்துவிட்டால் மற்றவை தாமே சரியாகிவிடும் என்பது அன்று கூறப்பட்ட சமாதானம். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகியும் அந்த 'மற்றவை' இன்னும் சரியாகவில்லை.

இதன் விளைவு எங்கே சென்று நின்றது என்பதை உரோமாபுரியின் ஆணைகளே காட்டுகின்றன. போப்பாண்டவரின் தூதராக வந்த தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்றுச் சாகக் கிடக்கும் பறையர் வீட்டினுள் குருமார் சென்று இறுதி அருட்சாதனங்களை வழங்கவேண்டும் என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. கட்டளையிட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்! சாகும் தறுவாயிலிருக்கும் மனிதனின் வாசற்படியைத் தாண்டுவதற்கு ஓர் ஆணை வேண்டியிருந்தது. அதன் பின்னும் 40 ஆண்டுகள் வாதம் நடந்தது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் போப்பாண்டவர் அக்கட்டளையை உறுதிசெய்தார். உறுதிசெய்த அதே ஆவணத்தில் பறையருக்கெனத் தனி மிஷனரிகளை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் இடமளித்தார். வாசற்படி தாண்டப்பட்டது, பந்தி பிரிந்தே கிடந்தது.

சீர்திருத்தச் சபையினர் இதனினும் மேம்பட்டிருப்பர் என்று எண்ணுவோர் தரங்கம்பாடிக்குச் செல்லலாம். 1706-இல் சீகன்பால்க் அங்கு வந்திறங்கினார். 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிக்கோர் இடம் வகுக்கப்பட்டது. தமிழருள் முதல் சீர்திருத்தச் சபைக் குருவாக ஆரோன் என்னும் வேளாளர் 1733-இல் அபிஷேகம் பெற்றார். அக்காலத்தில் தஞ்சைச் சீமையில் உபதேசியாராக உழைத்த இராஜநாயக்கன் என்பவர் நம்மவர். தஞ்சை அரசரின் படையில் வீரராக இருந்தவர். ஊழியத்தில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். குருப்பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அவர் கையால் வழங்கும் திருவிருந்தை மேல்சாதியார் பெற்றுக்கொள்ளத் தயங்குவர் என்பதே தடையாயிற்று.

பவுல் எழுந்த தருணம் ஒன்றையும் சொல்லவேண்டும். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமை அறவே, உடனே ஒழிக்கப்படவேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சையிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறித்தவர் பலர் சபையை விட்டே வெளியேறினர். கிறித்துவைத் துறந்தாலும் துறப்போம், பாயையும் கிண்ணத்தையும் பகிர்ந்துகொள்ளோம் என்ற அந்த நிலையை எண்ணிப் பாருங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே சாதி ஆசாரத்தின் பக்கம் நின்றார். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடும் சாதிக்கு எதிராகத் தீர்மானம் செய்தது. லைப்சிக் மிஷன் மட்டும் அதில் சேரவில்லை. அதன் தலைவர் கார்ல் கிரௌல், சாதி என்பது சமுதாய வழக்கமே, அதை வலிந்து அகற்றலாகாது என்ற கருத்தினர். இவர் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த அறிஞருமாவார். எல்லா உயிருக்கும் பிறப்பு ஒன்றே என்று கூறும் அதிகாரத்தையும் அவர்தாம் மொழிபெயர்த்தார்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் நடந்தது வேறு வகை. அங்கே 1872-இல் எழுந்த ஆலயம் இரண்டு நீண்ட கூடங்கள் பீடத்தருகே வந்து கூடுமாறு அமைக்கப்பட்டது. ஒரு கூடத்தில் வேளாளர், மற்றொன்றில் நாடார். பூசை செய்யும் குருவை இரு சாராரும் காணலாம், ஒருவரையொருவர் காணவேண்டியதில்லை. கட்டடக் கலையையே சாதிக்குப் பணிசெய்ய வைத்த விந்தை அது. 1910-இல் நடுச்சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். அந்த வழக்கு நம்மவர் பற்றியதன்று. ஆயினும் அதில் நமக்கொரு செய்தி உண்டு. தமக்கெதிரான சுவரை வெறுப்பவர் பிறருக்கெதிரான சுவரையும் வெறுப்பார் என்று எதிர்பார்க்கிறோம். வரலாறு அவ்வாறு நடப்பதில்லை. நம் தெருவிலேயே அருந்ததியர் வீட்டுத் தண்ணீரைத் தயங்காமல் வாங்கிக் குடிப்போர் எத்தனை பேர் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பழங்கதை போதும். 1982-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை திருச்சிராப்பள்ளியில் கூடி, கிறித்தவத்தில் சாதிக்கு இடமே இல்லை என்று ஐயத்திற்கிடமின்றி அறிவித்தது. அதே திருச்சிராப்பள்ளியின் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக் கிறித்தவருக்கு ஒரு பக்கமும் தலித் கிறித்தவருக்கு மறு பக்கமுமாக நடுவே சுவர் நின்றது. 2010-இல் சாதி ஒழிப்பு இயக்கத்தினர் சிலர் அச்சுவரின் ஒரு பகுதியை இடித்தனர். இடித்தவர்கள் திருச்சபையினர் அல்லர். கடவுள் இல்லை என்போர். எபேசியர் நிருபத்தின் பொருளைக் கடப்பாரையோடு சென்று விளக்கியவர்கள் அந்நிருபத்தை நம்பாதவர்கள்!

அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் நிகழ்ந்ததை இளைஞர்கள் அறிந்திருப்பீர்கள். ஆலயத்திலும் சவ ஊர்வலத்திலும் தமக்கிழைக்கப்படும் வேற்றுமையைப் பொறுக்கமாட்டாத தலித் கிறித்தவர்கள் தமக்கெனத் தனிப் பங்கு வேண்டினர். 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. நம்மவர் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் மாண்டனர். செத்தவரும் ஜெபமாலை உருட்டியவர்கள், அடிபட்டவரும் ஜெபமாலை உருட்டியவர்கள். அங்கே தனிப் பங்கு கேட்டதைப் பிரிவினை என்று பழித்தவர் உண்டு. முதலில் பிரித்து வைத்தவர் யார் என்பதை அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

2003-இல் இரண்டாம் யோவான் பவுல் போப்பாண்டவர் தமிழக ஆயர்களிடம் இது பற்றி வெளிப்படையாகவே அறிவுரை கூறினார். 2022-இல் தலித் குடும்பத்தில் பிறந்த அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அச்சிறப்பைப் பெற்ற முதல் தலித் அவரே. மனமார வரவேற்கிறோம். நொபிலி மதுரைக்கு வந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் இதற்கு 416 ஆண்டுகள் ஆயின. தென்னிந்தியத் திருச்சபையிலும் பேராய மன்றத் தேர்தல் வந்துவிட்டால் சாதிவாரியாக வாக்குச் சேகரிப்பது ஊரறிந்த செய்தி.

இப்போது மாணவர்களின் வாழ்வைத் தொடும் பகுதிக்கு வருகிறோம். தலைமையாசிரியர் என்ற முறையில் ஆண்டுதோறும் மாற்றுச் சான்றிதழ்களில் கையொப்பமிடுகிறோம். அண்ணன் மகனும் தம்பி மகனும் அடுத்தடுத்து நிற்பார்கள். ஒருவர் இந்து ஆதிதிராவிடர், பட்டியல் சாதி. மற்றவர் கிறித்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர். இருவருக்கும் ஒரே தெரு, ஒரே ஏச்சு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அண்ணன் மகனுக்கு உண்டு. தம்பி மகனுக்கு இல்லை. இதற்கு மூலம் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை.

சூசை என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி சென்னையில் சாலையோரம் அமர்ந்து பிழைத்தவர். அத்தொழிலாளருக்கு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கப்பட்டபோது கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1985-இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது, கிறித்தவ சமுதாயத்திற்குள்ளும் அதே கடுமையுடன் இழிவுகள் தொடர்கின்றன என்று காட்டவேண்டும், அதற்குத் தக்க ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறிற்று.

இதனை நாம் பலமுறை படித்திருக்கிறோம்; ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது. ஆதாரம் இல்லையா? கல்லறைச் சுவர் ஆதாரமில்லையா? தேர் திரும்பிச் செல்லும் தெருமுனை ஆதாரமில்லையா? இவை எல்லாம் பங்குத் தந்தையரின் கண் முன்னே இருந்தவை. ஞானஸ்நானப் பதிவேடு முதல் அடக்கப் பதிவேடு வரை எழுதி வைத்திருப்பவர்கள் அவர்கள். அந்தச் செருப்புத் தைக்கும் மனிதருக்காக அவற்றைத் தொகுத்து நீதிமன்றத்தில் வைக்கும் கடமை அவர்களுக்கே முதலில் உரியது. வைத்தால் திருச்சபையின் மானம் போகும். வைக்காவிட்டால் ஏழையின் உரிமை போகும். அன்று எது காக்கப்பட்டது என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது.

பின்னாளில் திருச்சபைகள் தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டிக் கோரிக்கையும் ஊர்வலமும் நடத்தியிருக்கின்றன. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. கோரிக்கை நியாயமானது; நாம் அதனை ஆதரிக்கிறோம். ஆனால் அரசிடம் இடஒதுக்கீடு கேட்பவர்கள், தம் கல்லூரிகளில் ஆசிரியர் பணியிடங்களையும், விடுதி இடங்களையும், குருமட இடங்களையும் நம்மவருக்கு எந்த விகிதத்தில் வழங்கினோம் என்னும் கணக்கை ஊரறிய ஒட்டிவைக்க யார் அனுமதியும் வேண்டியதில்லை. அதற்கு நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. ஓர் ஆயரின் கையொப்பம் போதும்.

ஆகவே நம் சங்கம் ஒரு பணியை மேற்கொள்ளத் தீர்மானித்துள்ளது. கோடை விடுமுறையில் சுற்றுவட்டாரப் பங்குகளுக்கும் சேகரங்களுக்கும் இளைஞர்கள் இருவர் இருவராகச் செல்வார்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா, திருவிழாத் தேர் எந்தத் தெரு வரை வருகிறது, பங்குப் பேரவையில் நம்மவர் எத்தனை பேர், பலிபீடத்தில் வாசகம் வாசிக்கும் வாய்ப்பு யாருக்கு, சபைப் பள்ளியில் ஆசிரியர் யார், துப்புரவுப் பணியாளர் யார் என்பவற்றைக் கேட்டு எழுதவேண்டும். எவரிடமும் வாதாட வேண்டாம். குருவானவரிடமும் கேளுங்கள், அவர் கூறுவதையும் அப்படியே எழுதுங்கள். வேற்றுமை இல்லாத பங்கைக் கண்டால் அதையும் மறைக்காமல் குறியுங்கள். அவ்வாறான பங்குகள் இருக்கின்றன. அங்கே எவ்வாறு அது கைகூடிற்று என்பது நமக்கு மிகவும் வேண்டிய செய்தி.

படிவம் செயலாளரிடம் இருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் இன்று மாலையே கொடுக்கலாம்; பெண் பிள்ளைகள் தனியே ஒரு குழுவாகச் செல்ல ஏற்பாடு உண்டு. கல்லறைத் தோட்டத்தின் படத்தைக் கையால் வரைந்தாலும் போதும். வடக்குத் திசை எது என்பதையும், எழுதிய நாளையும் தாளின் மேல் ஓரத்தில் குறிக்க மறவாதீர்கள்.