செவிலியருக்கும் ஓர் ஆத்தும சோதனை

 நாங்கள் செவிலியர் பயிற்சி அளித்து வருகிறோம்.

கனிந்த உள்ளமும் பழகிய கையும் இருந்தால் நல்ல நர்ஸ் ஆகிவிடலாம் என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்பதை முதிய தாயார் ஒருவர் எங்களுக்கு உணர்த்தினார்.

வார்டில் மூன்று நாட்களாக அவர் சாப்பிடவில்லை. "உணவு மறுக்கிறார்" என்று மாணவியர் வேளை தவறாமல் எழுதினர், நாங்களும் கையொப்பமிட்டோம். நான்காம் நாள் முதலாண்டு மாணவி ஒருத்தி, "ஏன் மறுக்கிறார்?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தால், பாட்டியின் பல்செட் கைக்குட்டையில் சுற்றியபடி அலமாரியில் கிடந்தது!

அன்று மாலை எல்லோரும் கூடி அமர்ந்தோம். குற்றவாளி யார் என்று தேடவில்லை. நடந்தது என்ன, அப்போது என்ன உணர்ந்தோம், எது சரி, எது தவறு, காரணம் யாது, கற்றது என்ன, இனி என்ன செய்வோம் என்று கேட்டுக்கொண்டோம். கிரஹாம் கிப்ஸ் என்னும் கல்வியாளர் 1988-இல் வகுத்த ஆறு படிகள் இவையே.

நமக்கு இது புதிதன்று. இரவு செபத்தின்போது ஆத்தும சோதனை செய்யப் புனித இஞ்ஞாசியார் நமக்குக் கற்பித்திருக்கிறார். செய்த பிழை மட்டுமல்ல, செய்யத் தவறியதும் பிழையே என்பதையும் நாம் அறிவோம்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் விளக்கேந்திய மாது மட்டும் அல்லர். கிரிமியப் போர் முடிந்து 1856-இல் நாடு திரும்பிய பின், இறந்த வீரர்களின் கணக்கை எடுத்து ஆராய்ந்தார். காயத்தைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களே மிகுதியானோரைக் கொன்றன என்று எடுத்துக்காட்டினார். 1860-இல் லண்டனில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

தவறை ஒப்புக்கொண்டவளைத் தண்டித்தால் அடுத்தவள் மறைப்பாள். மறைத்த தவறு அடுத்த நோயாளியின் கட்டிலுக்குச் செல்லும். ஆகவே, பெற்றோரே, உங்கள் மகளைப் பயிற்சிக்கு அனுப்பும்போது "சொன்னதைச் செய்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "புரியாததைக் கேள்" என்றும் சொல்லி அனுப்புங்கள். கேள்வி கேட்பது பணிவுக்கு மாறானதன்று. நோயாளியின் மீதுள்ள அன்பின் அடையாளமே.

அந்தத் தாயார் அன்றிரவு கஞ்சியும் துவையலும் சாப்பிட்டார். இன்றும் மாணவியர் குறிப்பேட்டில் "மறுக்கிறார்" என்று எழுதினால், "ஏன்?" என்று எழுதாமல் நாங்கள் கையொப்பமிடுவதில்லை.

இறைவன் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக.