மீளத் திறந்த பாடசாலையும் சங்கீத ஆசிரியரும்

பாடசாலை மணி அடித்ததும் எல்லா வகுப்பறைகளும் ஒரே விதமாக உயிர்பெறுவதில்லை. கணித ஆசிரியருக்குக் கரும்பலகையும் வெண்கட்டியும் கிடைத்தாற் போதும். விட்ட கணக்கிலிருந்து தொடங்கிவிடலாம். சங்கீத ஆசிரியருக்கு வேண்டுவதோ வேறொன்று. பல பிள்ளைகள் ஓரிடத்தில் அமர்ந்து, ஒருவர் குரலை மற்றவர் செவியால் அறிந்து, ஒரே சுருதியிலே சேர்ந்து பாடுதல் வேண்டும். கொவிட்-19 பெருந்தொற்றுக் காலத்திலே முதலில் விலக்கப்பட்டதும் இந்தக் கூடிப் பாடுதலே; பாடசாலைகள் திறந்தபின் இறுதியாகத் திரும்பிவந்ததும் இதுவே.

இலங்கையிலே 2020 மார்ச் 13 இல் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு யூலையிலே படிப்படியாகத் திறந்தன. ஒக்டோபரில் மீண்டும் மூடின. 2021 ஏப்ரில் இறுதியிலும் கதவுகள் அடைபட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 21 இல் சிறிய ஆரம்பப் பாடசாலைகள் தொடங்க, நவம்பரிலே மேல்வகுப்புகளும் இடைநிலை வகுப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. மூச்சு விடுமுன்னரே, 2022 நடுப்பகுதியில் எரிபொருள் தட்டுப்பாடு வந்து பலமுறை பாடத்தைக் குலைத்தது. இவ்வாறு அறுந்தறுந்து போன கல்வியை முடிந்து கட்டும் பணி ஆசிரியர் யாவருக்கும் உரியதாயிற்று. ஆயினும் சங்கீத ஆசிரியரின் தோளில் விழுந்த சுமை தனித்தன்மை உடையது.

பாட்டுக்கு ஏன் இத்தனை தடை என்று பெற்றார் சிலர் அக்காலத்திலே வியந்ததுண்டு. 2020 மார்ச் 10 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே ஸ்காஜிற் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பாடகர் குழுவொன்று இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. கூடியிருந்தோர் 61 பேர். நோயுற்றோர் 53 பேர். அவருள் இருவர் இறந்தனர். உரத்துப் பாடும்போது மூச்சோடு நுண்துளிகள் மிகுதியாக வெளிப்பட்டு, காற்றோட்டமில்லாத அறையிலே மிதந்து நிற்கும் என்பதனை உலகம் அதனால் உணர்ந்தது. ஆகவே பாடசாலைகள் திறந்த பின்பும் முகக்கவசமும் இடைவெளியும் வேண்டியிருந்தன. அகாரம் பாடும் பிள்ளையின் வாய் எவ்வாறு திறக்கின்றது என்பதை ஆசிரியர் காண இயலவில்லை.

இடைக்காலத்திலே இணையவழிக் கல்வி கைகொடுத்தது என்பது உண்மை. ஆனால் அது சங்கீதத்துக்குக் கொடுத்த கை அரைக் கைதான். கையடக்கத் தொலைபேசி வழியாக வரும் ஒலி, ஒரு வினாடியின் பத்திலொரு பங்கு பிந்தினாலும் தாளம் பிசகிவிடும். காற்றிலே ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்வது. ஆதலால் அச்சிறு பிந்துகை, 34 மீற்றருக்கு அப்பால் நிற்கும் ஒருவரோடு செவியை மட்டும் நம்பித் தாளம் போடுவதற்கு ஒப்பாகும். மேலும், இடைவிடாது ஒலிக்கும் ஓசையை இரைச்சலென்று கருதி நீக்கும் இயல்பு அக்கருவிகளுக்கு உண்டு. சுருதிப் பெட்டியின் நாதம் இடைவிடாத ஓசையன்றோ! எனவே பாட்டுக்கு அடித்தளமான சுருதியையே கருவி அழித்துவிட, பிள்ளை தளமின்றிப் பாடிற்று. தொலைபேசியே இல்லாத வீடுகளும், அலை தேடி மாணவர் பாறைமேல் ஏறிய ஊவாக் கிராமங்களும் இருந்தமை வேறு கதை.

இவற்றோடு பரீட்சையும் ஒரு வடுவை விட்டுச் சென்றது. 2020 ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சிலே நடைபெற்றது. அவ்வாண்டு செப்டெம்பரிற் பெறுபேறுகள் வெளிவந்தபோது, செயன்முறைப் பரீட்சைகள் நடத்த இயலாமையால், அழகியற் பாடங்களின் பெறுபேறுகள் அவற்றிலே சேரவில்லை. பல ஆண்டுகள் குரலைப் பண்படுத்திய மாணவி, தன் பாட்டை எவரும் கேளாமலே காத்திருக்க நேர்ந்தது. சங்கீதம் பின்னுக்குத் தள்ளத்தக்க பாடம் என்னும் எண்ணம் ஒரு வீட்டிலேனும் அன்று வேரூன்றியிருக்குமாயின், அதனை அகற்றும் வேலையும் சங்கீத ஆசிரியர்க்கே வந்து சேர்ந்தது.

இனி, திறந்த வகுப்பறையிலே அவர் கண்டது யாது? 2020 இலே ஆறாந் தரத்தில் ஐந்து கட்டைச் சுருதியிலே கணீரென்று பாடிய சிறுவன், எட்டாந் தரத்துக்கு வரும்போது குரல் உடைந்து நின்றான். அவனுடைய குரல் ஏறத்தாழ ஒரு தாயி கீழிறங்கிக்கொண்டிருந்தது; மேல் ஷட்ஜம் எட்டவில்லை; வாய்திறக்க வெட்கம். குரல் மாறும் காலத்திலே வாரந்தோறும் அருகிருந்து, வருத்தாமல், நடுத்தாயியிலே சில சுரங்களை மட்டும் மெல்லப் பாடுவித்துக் காக்கவேண்டிய ஆசிரியர் அப்போது அருகில் இல்லை. “எனக்குப் பாட வராது” என்று அச்சிறுவன் தானாகவே தீர்ப்பெழுதிக்கொண்டான். அத்தீர்ப்பை மாற்றுவதற்கு வேண்டுவது அதட்டல் அன்று. ஒன்றரைக் கட்டையோ இரண்டு கட்டையோ, அவனுக்கு உரிய புதிய சுருதியைத் தேடிக் கண்டு கொடுக்கும் பொறுமையே.

கருவிகளின் நிலையும் அவ்வாறே. பூட்டிய அறையிலே மிருதங்கத்தின் வார் தளர்ந்து, வலந்தலையின் கரும்பூச்சு வெடித்தது. வயலினின் தந்தியிலே துருவேறிற்று. மூடிய பெட்டிக்குள்ளே வில்லின் மயிரைப் பூச்சி தின்றது. ஆர்மோனியத்துள் ஈரம் புகுந்து சில கட்டைகள் ஊமையாயின. திருத்தச் செலவோ, பொருள் விலை ஏறிய அக்காலத்திலே பெரிதாயிற்று.

இந்நிலையிலே ஆசிரியருக்குச் செய்யத்தக்க உதவி எது? முதலாவது, காலம். விடுபட்ட கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் நிரப்பவேண்டுமென்று சங்கீத நேரத்தைக் கடன் வாங்குவது பாடசாலைகளில் எளிதாக நிகழ்வது. அக்கடன் திரும்புவது அரிது. அதிபர் ஒருவர் நேரசூசியிலுள்ள சங்கீத வேளையைத் தொடாமற் காத்துவிட்டால், அதுவே அவர் செய்யும் பேருதவியாகும். இரண்டாவது, இடம். சாளரம் திறந்த, காற்றோட்டமுள்ள ஓர் அறை, அல்லது மரநிழல், நோய்க்கும் காப்பு. பக்கத்து வகுப்புக்கும் இடையூறில்லை.

மூன்றாவது, அவசரப்படுத்தாமை. பாடசாலை திறந்த உடனேயே பரிசளிப்பு விழாவுக்கு ஒரு பாட்டு, தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஒரு குழு என்று கேட்பது வழக்கம். மேடைக்கென நாலு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துப் பயிற்றினால், ஏனைய முப்பது பிள்ளைகளும் மௌனமாகவே இருந்துவிடுவர். மாயாமாளவகௌளையிலே சரளி வரிசையை முதலிலிருந்து, முதற்காலத்திலே, எல்லோரும் கூடிப் பாடத் தொடங்குவது பின்னடைவு ஆகாது. எட்டாந் தரத்துக்குச் சரளியா என்று நகைப்பவர், இரண்டாண்டு கிடந்த வயலிலே முதலில் உழவே நிகழும் என்பதை எண்ணுவாராக.

நான்காவது, துணை. பல பாடசாலைகளிலே சங்கீத ஆசிரியர் ஒருவரே இருப்பார். மலையகத் தோட்டப் புறங்களிலே அந்த ஒருவரும் இல்லாத பாடசாலைகள் உண்டு. தனித்திருப்பவருக்கு ஐயம் வந்தாற் கேட்பதற்கு ஆளில்லை. வலயத்து ஆசிரிய ஆலோசகர் மாதம் ஒருமுறை சங்கீத ஆசிரியர்களை ஒன்றுகூட்டிக் குரல் மாறிய பிள்ளைகளை எவ்வாறு நடத்தினர், எந்தப் பயிற்சி பயன் தந்தது என்று பேசச் செய்தல் நன்று. இந்நாட்டிலே அதற்கு அறிவுவளம் இல்லாமற் போகவில்லை. வட இலங்கைச் சங்கீத சபை 1931 இலிருந்து வந்தது. 1960 இல் மருதனார்மடத்திலே தோன்றிய இராமநாதன் சங்கீத அக்கடமி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகளின் பெயரால் 1982 இலே மட்டக்களப்பிற் கல்லூரி எழுந்தது. இத்தகைய நிலையங்களின் மாணவர், கிழமைக்கு ஒருநாள் அயற் பாடசாலைக்குச் சென்று மிருதங்கமோ வயலினோ வாசித்துத் துணைநின்றாலே, அங்குள்ள ஆசிரியரின் சுமை பாதி குறையும்.

ஆசிரியரின் குரலும் காக்கத்தக்கது. நாளொன்றுக்கு ஆறு வகுப்பிலே, சத்தத்துக்கு மேலே சத்தமாகப் பாடினால் தொண்டை கட்டும். கட்டிய தொண்டையோடு தொடர்ந்தால் குரலே கெடும். இடையிடையே ஓய்வும், நீரும், கேட்டெழுதும் பாடமும் அமைதல் வேண்டும். அவ்வோய்வு வேளைகளையும் வராத ஆசிரியர்களின் வகுப்பைப் பார்க்கும் பணியால் நிரப்பாதிருத்தல் மேற்பார்ப்போர் கடன்.

பெற்றாருக்கும் ஒரு பங்குண்டு. மாலையிலே கால்மணி நேரம் பிள்ளை பாடும்போது தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேட்டிருத்தல் பணச்செலவில்லாத உதவி. சரியா பிழையா என்று சொல்லத் தெரியவேண்டியதில்லை.

பெருந்தொற்றின்போது முதலாந் தரத்திற் சேர்ந்த பிள்ளைகள் இன்று இடைநிலை வகுப்புக்கு வந்துவிட்டனர். கூடிப் பாடிப் பழகவேண்டிய பருவத்திலே வீட்டில் தனித்திருந்தவர்கள் அவர்கள். சுருதியோடு சேராமல் ஒரு பிள்ளை பாடுமாயின், அதற்குச் செவியில்லை என்று ஒதுக்குமுன், அந்தச் செவிக்குக் கேட்பதற்கு என்ன கிடைத்தது என்று வினவுதல் தகும். வெள்ளத்தாலோ வேறு இடராலோ பாடசாலைகள் இனியும் மூடித் திறக்கக்கூடும். அவ்வாறு திறக்கும் ஒவ்வொரு முறையும், முதற்கிழமையிலேயே சங்கீத அறையின் கதவும் திறக்கப்படுகின்றதா, ஆசிரியரின் கையிலே ஒலிக்கத்தக்க சுருதிப் பெட்டி ஒன்று இருக்கின்றதா என்று அதிபரும் பெற்றாரும் சென்று பார்ப்பாராக.