சதுர அடிக்கு என்ன ரேட்?
(சங்கமக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கட்டி முடித்த பெரிய கட்டடங்களைக் குடிபுகும் நிலைக்குச் சுத்தம் செய்து ஒப்படைப்பது என் தொழில். எங்கே போனாலும் முதல் கேள்வி, "சதுர அடிக்கு என்ன ரேட்?" என்பதுதான். அதற்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் ஜவ்வாது மலையிலேயே ஓர் உதாரணம். காவலூர் தொலைநோக்கிக்கு 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி, வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதன் பெரிய கண்ணாடி 2.34 மீட்டர் விட்டம். பரப்பு சுமார் 46 சதுர அடி. சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் 184 ரூபாயில் வேலை முடிந்தது! நடக்கிற காரியமா? அந்தக் கண்ணாடியைக் கழற்றி, பழைய அலுமினியப் பூச்சை நீக்கி, கழுவி, வெற்றிடக் கலத்தில் புதுப் பூச்சு ஏற்ற வேண்டும். எதன் மேல் என்ன அழுக்கு என்பதை வைத்துத்தான் விலை.

சாதாரணக் கட்டடத்துக்கு வருவோம். ஜமுனாமரத்தூரில் 30,000 சதுர அடியில், 100 அறைகள் உள்ள விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா? கரண்ட் வந்துவிட்டதா? கட்டட இடிபாட்டை அள்ளுவது யார் பொறுப்பு? பெயிண்டர் வேலை முடிந்ததா? பிறகு ஓர் அறையில் இரண்டு பேரை இறக்கி, மணி பாருங்கள். சிமெண்ட் திட்டு சுரண்ட, ஜன்னலில் பெயிண்ட் சொட்டு எடுக்க, குளியலறை டைல்ஸ் தேய்க்க மூன்று மணி நேரம் ஆனால், அறைக்கு ஆறு மணி. நூறு அறைக்கு 600. சாமான் ஏற்றி இறக்குவது, தண்ணீர் சுமப்பது போக ஓர் ஆள் நாளைக்கு ஆறு மணி உருப்படியாகச் செய்வார். ஆக 100 ஆள்நாள். நடைகூடம், மாடிப்படி, வெளிக் கண்ணாடிக்கு 30. எலெக்ட்ரீஷியன் மறுபடி துளை போட்டுவிட்டுப் போவார். அந்த இரண்டாம் சுற்றுக்கு 20. மொத்தம் 150.

கூலி 700 ரூபாய் என்றால் 1,05,000. வைப்பு நிதி 12 சதம், ஈ.எஸ்.ஐ. 3.25 சதம் சேர்த்தால் சுமார் 1,21,000. மருந்து, மெஷின் வாடகை, மலையேறும் வேன், ஆட்கள் தங்க, சாப்பிட 45,000. நிர்வாகச் செலவு, எதிர்பாராதது, லாபம் எல்லாம் சேர்த்து 20 சதம். சுமார் 1,99,000 வருகிறது, ஜி.எஸ்.டி. தனி. இப்போது வகுத்துப் பாருங்கள்: சதுர அடிக்கு சுமார் 6 ரூபாய் 63 காசு. ரேட் என்பது கணக்கின் கடைசி வரி.

பக்கத்தில் ஒருவர் 4 ரூபாய்க்கு எழுதுவார். மொத்தம் 1,20,000. ஆள் செலவுக்கே பத்தாதே! அப்போது மீதியை யார் கொடுக்கிறார்கள்? வைப்பு நிதி கட்டாமல் விடப்படுகிற தொழிலாளி கொடுக்கிறார். நேரம் மிச்சம் என்று ஆசிட் ஊற்றினால் சலவைக்கல்லும் கடப்பாக் கல்லும் அரித்துப்போகும். அது கட்டடக்காரர் கொடுக்கிற விலை. ஈரமும் இல்லாமல், உறிஞ்சும் மெஷினும் இல்லாமல் காய்ந்த தூசியைப் பெருக்க விட்டால், அதிலிருக்கிற சிலிகா அந்த அம்மாவின் நுரையீரலுக்குள் போகிறது. போனது திரும்பி வராது.

டெண்டர் கை நழுவிப் போகிற நாட்களும் உண்டு. போகட்டும். அடுத்த கட்டடத்துக்கு அதே ஆட்கள் என்னோடு வருகிறார்கள்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் டெண்டர் எழுதுகிறவராகவும் இருக்கலாம், திறந்து பார்க்கிறவராகவும் இருக்கலாம். திறக்கிற இடத்தில் இருந்தால், மிகக் குறைந்த தொகையைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் எத்தனை ஆள்நாள் போட்டிருக்கிறீர்கள்?" பதில் வரவில்லையென்றால், அந்த உறையை மூடிவிடலாம்.