‘ஏனைய வருமானம்’ என்ற வரியைத் தேடுங்கள்

(கிளிநொச்சியில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



இங்கே இருக்கிற பலருடைய பெற்றோர் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். ஆனால் உங்கள் மாமன் மகளும் சித்தப்பா மகனும் இன்னமும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார்கள். சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் கம்பனிக்காரர் ஒரு கணக்கைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கணக்கில் ஒரேயொரு வரியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

இங்கே நெல் செய்கிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலபோகம் பொய்த்துவிட்டது. நெல்லில் நட்டம். அந்த வருஷம் உழவு மெசினை நல்ல விலைக்கு விற்றார்கள், கையில் காசு இருக்கிறது. அதைப் பார்த்து, “வயலில் நல்ல இலாபம்” என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். அடுத்த வருஷம் விற்பதற்கு மெசின் ஏது?

கம்பனிக் கணக்கும் இதுதான். தொழிலில் வந்த இலாபம் ஒரு வரியில் இருக்கும். வங்கி வட்டி, வாடகை, சொத்து விற்ற ஆதாயம் எல்லாம் வேறு வரிகளில், பெரும்பாலும் ‘ஏனைய வருமானம்’ என்ற பெயரில் இருக்கும்.

பெங்களூரில் பயோகான் என்று ஒரு உயிரித் தொழில்நுட்பக் கம்பனி. 1978இல் கிரண் மசும்தார் ஷா தொடங்கியது. முதலில் பப்பாளிப் பாலிலிருந்து நொதியம் எடுத்தார்கள், இன்று இன்சுலின் செய்கிறார்கள். 2024 ஏப்ரல் முதல் யூன் வரையான காலாண்டில் அதன் நிகர இலாபம் 660 கோடி இந்திய ரூபா. முந்திய வருஷம் அதே காலாண்டில் 101 கோடிதான். மருந்து ஆறு மடங்கு விற்றதா? இல்லை. இந்தியாவுக்குள் மருந்து விற்கும் ஒரு பிரிவை எரிஸ் லைஃப்சயன்சஸ் என்ற கம்பனிக்குக் கொடுத்ததில் வந்த 1,057 கோடி அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தது. ஒளிக்கவில்லை, அறிக்கையிலேயே சொல்லியிருந்தார்கள். தலைப்பை மட்டும் வாசித்தவருக்குத்தான் அது தெரியாமல் போனது.

நம் தோட்டக் கம்பனிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. யூக்கலிப்டஸ் போன்ற பலகை மரங்களுக்கு வருஷா வருஷம் பெறுமதி போடுவார்கள். ஒரு மரமும் வெட்டாமல், ஒரு சதமும் கைக்கு வராமல், பெறுமதி கூடினால் அது இலாபத்தில் ஏறும், குறைந்தால் நட்டத்தில் ஏறும். கணக்கியல் விதி அப்படி.

2024 ஏப்ரல் 30இல் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் கட்டாது என்று நீதிமன்றம் போயின. கடைசியில் செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று நின்றது. மறுபடி அந்த மேசையில் உட்காரும்போது நாம் கேட்க வேண்டியது, “நட்டமா, இலாபமா?” என்பதல்ல. “தேயிலையில் மட்டும் எவ்வளவு வந்தது? கடனுக்கு வட்டி எவ்வளவு போனது? ஏனைய வருமானத்தில் எது வருஷா வருஷம் வருவது, எது ஒரு தடவை மட்டும் வந்தது?”

நம் பக்கத்திலும் நேர்மை வேண்டும். காணியோ கட்டிடமோ விற்ற வருஷத்து இலாபத்தைக் காட்டி நிரந்தரச் சம்பளம் கேட்டால், எதிரே இருக்கும் கணக்காளர் இரண்டு நிமிடத்தில் நம் வாயை அடைத்துவிடுவார். அதே அளவுகோலில், மரத்தின் பெறுமதி குறைந்ததால் வந்த நட்டத்தைக் காட்டிச் சம்பளத்தை மறுக்க அவர்களையும் விடக்கூடாது.

பங்குச் சந்தையில் பதிந்த கம்பனிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு வெளியிட வேண்டும். கொழும்புப் பங்குச் சந்தை இணையத்தளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். உங்கள் சொந்தக்காரர் எந்தக் கம்பனியின் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று கேட்டு, பெயரை எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கிற பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கணக்கைப் பிரித்து வைத்துச் சேர்ந்து வாசிப்போம்.