தெரியாதவரிடம் காட்டும் நாணயம்

‘வணிகத்தில் நெறி’ என்று இன்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமாக இந்த அரங்கில் கேள்வி கேட்பவள் நான். இன்று பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பரவாயில்லை. இந்தத் தலைப்பில் எனக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கையில் எண்ணும் காசும் நாணயம். சொன்ன சொல்லில் நிற்பதும் நாணயம். 2014ஆம் ஆண்டில் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் ஒரு கைத்தொலைபேசிக் கடைக்காரர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஒரு பெண்மணிக்கு 1,010 வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கும்படி சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றம் அவருக்கு உத்தரவிட்டது. அவரும் கொடுத்தார். எப்படி? சில்லறைக் காசுகளாக, ஒரு பையில் போட்டு! எடை 18 கிலோ. இவ்வளவு நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு நாணயமில்லாமல் நடந்தவரை நான் கேள்விப்பட்டதில்லை.

அதே ஆண்டு நவம்பரில் அதே கடையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வியட்நாமிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தொழிற்சாலை ஊழியர், காதலிக்குப் பரிசளிக்க 950 வெள்ளி கொடுத்து ஐஃபோன் 6 வாங்கினார். ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். ஓராண்டு உத்தரவாதமா, ஈராண்டு உத்தரவாதமா என்றும் கேட்டார்கள். அது இலவசம் என்று நினைத்து அவர் பதில் சொன்னார். பிறகுதான் உத்தரவாதத்துக்கு மேலும் 1,500 வெள்ளி வேண்டும், இல்லாவிட்டால் தொலைபேசி கிடையாது என்றார்கள். அந்த மனிதர் கடை வாசலில் மண்டியிட்டு அழுதார். அந்தக் காணொளியைத்தான் ஊரே பார்த்தது. அவருக்குத் திரும்பக் கிடைத்தது 400 வெள்ளி. முன்பின் தெரியாதவர்கள் அவருக்காகப் பணம் திரட்டினார்கள். தான் இழந்ததற்கு மேல் அவர் வாங்க மறுத்துவிட்டார் என்று அப்போது செய்தி வந்தது. கடைக்காரருக்கு 2015 நவம்பரில் 33 மாதச் சிறைத் தண்டனையும் 2,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன.

இது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. கடைக்காரர் யாரிடம் இதைச் செய்தார் என்று பாருங்கள். தாளைப் படித்துப் புரிந்துகொள்ளும் உள்ளூர்க்காரரிடம் இது இவ்வளவு எளிதாக நடந்திருக்காது. மொழி தெரியாது, சட்டம் தெரியாது, இரண்டு நாளில் விமானம் ஏறிவிடுவார். அப்படிப்பட்டவரிடம்தான் நடந்தது. ஒரு வணிகர் நெறியுள்ளவரா என்பதை விவரம் தெரிந்த வாடிக்கையாளரிடம் அவர் நடந்துகொள்வதை வைத்துச் சொல்லவே முடியாது. விவரம் தெரிந்தவரிடம் யாரும் ஒழுங்காகத்தான் நடப்பார்கள்.

நம் சட்டத்திலும் இது இருக்கிறது. 2004 மார்ச்சில் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம், பொய் சொல்வதை மட்டும் நியாயமற்ற செயலாகக் கருதவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டு, அதனால் வாங்குபவர் ஏமாறக்கூடும் என்றால் அதுவும் நியாயமற்ற செயல். தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவரை, அந்த வியாபாரத்தின் மொழியோ தன்மையோ விளங்காதவரைத் தெரிந்தே பயன்படுத்திக்கொள்வதும் அப்படித்தான். முக்கியமான விவரத்தைப் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதையும் சட்டம் தனியாகக் குறிப்பிடுகிறது. ‘மொழி’ என்ற சொல் அந்தச் சட்டத்தில் இருப்பதைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் புளோக்கின் கீழே இருந்த மளிகைக் கடையில் 555 நோட்டுப் புத்தகத்தில் கடன் கணக்கு. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சின்னப் புத்தகத்தைத் தெரியுமோ என்னவோ! பாட்டி அரிசியும் பருப்பும் வாங்கியதும் கடைக்காரர் எழுதுவார். எழுதிவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிப்பார். “அரிசி அஞ்சு கிலோ, சரியாம்மா? பால் டின் ரெண்டு, சரியாம்மா?” பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் அவசரப்படமாட்டார். பாட்டி தலையாட்டிய பிறகுதான் புத்தகத்தை மூடுவார். அவர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அது அவருக்கும் தெரியும்.

வள்ளுவர் வணிகரைப் பற்றிய குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசியில் வைத்தார். அந்த மளிகைக் கடைக்காரர் குறள் படித்தவரா என்று நான் கேட்டதில்லை.

லாபம் தேடுவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. வாடகை, ஆள் பற்றாக்குறை, இணைய விற்பனையின் போட்டி எல்லாவற்றையும் சமாளித்துக் கடை திறந்து வைப்பது பெரிய காரியம். அதற்காக வாங்குபவரின் அறியாமையையும் முதலாகப் போட்டு வியாபாரம் செய்யலாமா? அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிச் சந்தையில் ஒரு கடைக்காக மைக் பிடித்தேன். தண்ணீர் வடிகட்டும் சாதனம் விற்றார்கள். எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன்: “மாதம் 38 வெள்ளி மட்டுமே!” எத்தனை மாதம் என்று தாளில் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்துத் தேக்கா சந்தையில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். துப்புரவு வேலை பார்ப்பவர். “டிவியில வர்ற பொண்ணு சொல்லுதேன்னுதானேம்மா வாங்கினேன்” என்றார். ஓராண்டில் கட்டி முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட ஆங்கிலத் தாளில் 36 மாதம். ஓராண்டு என்றால் 456 வெள்ளி. மூன்றாண்டு என்றால் 1,368 வெள்ளி. அவருடைய மாதச் சம்பளத்தை நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பேச்சு வரவில்லை.

அவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். “நான் பொய் சொல்லலையே சிஸ்டர். தாளில் இருக்கு. அவங்க கையெழுத்தும் இருக்கு.” உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. பேசிப் பேசி, சாதனத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். கட்டிய மூன்று மாதத் தவணை, 114 வெள்ளி, திரும்ப வரவில்லை.

அந்தப் பணத்தை நான் கொடுக்கப் போனேன். அந்த அம்மா வாங்கவில்லை. “உன் காசு எனக்கு எதுக்கும்மா? அடுத்த தடவை எத்தனை மாசம்னு கேட்டுட்டுச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அடுத்த ஆண்டு அதே கடையிலிருந்து அழைப்பு வந்தது. மொத்தம் எவ்வளவு, எத்தனை மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன் என்றேன். “அதையெல்லாம் மைக்கில சொன்னா கூட்டம் கலைஞ்சிடும் சிஸ்டர்” என்றார். அந்த வேலை எனக்கு வரவில்லை. தீபாவளிக்கு முதல் வாரம் அந்தப் பக்கம் போனேன். மைக் பிடித்திருந்தவர் கல்லூரியில் எனக்கு இரண்டு ஆண்டு இளையவர். என்னைப் பார்த்ததும் கையசைத்தார். அவர் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தேன். எத்தனை மாதம் என்பது அதிலும் இல்லை.