சொல்லும் பொருளும்: சேரிப் பிள்ளையின் வீட்டுப்பாடம்

(ஓசூர் வட்டாரத்து மாலைப் படிப்பகங்களில் பாடம் சொல்லித்தரும் மாணவத் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு கவிதை எடுத்து வந்தேன். அது பையிலேயே இருக்கட்டும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பையும் அவர்களுக்குக் கொடுக்கப்படுகிற சொற்பொருள் வீட்டுப்பாடத்தையும் பற்றிப் பேசப்போகிறேன். இதிலென்ன அரசியல் இருக்கிறது என்று பின்வரிசையில் ஒரு தோழர் முனகுவது கேட்கிறது. கொஞ்ச நேரம் பொறுங்கள் தோழர்.

வீட்டுப்பாடம் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வீடு, பாடம். சாயங்காலம் மணி அடித்ததும் பள்ளிக்கூடம் தன் மிச்ச வேலையை வீட்டுக்கு அனுப்புகிறது. எந்த வீட்டுக்கு? அந்த வீட்டில் ஒரு மேசை இருக்கும், அலமாரியில் ஓர் அகராதி இருக்கும், சாயங்காலம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படித்த அப்பா இருப்பார் என்பது ஏற்பாடு. மூன்று தலைமுறையாய்ப் படித்த வீட்டை மனசில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. நம்ம வீடு எப்படி? விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ் வந்து அப்பாவைக் கூட்டிப் போகிறது. ஒப்பந்தத் தொழிலாளி, ஷிப்டு வாராவாரம் மாறும். அம்மா ரோஜாத் தோட்டத்துக்கோ பசுமைக்குடிலுக்கோ போகிறது. கிருஷ்ணகிரி பக்கமென்றால் மாங்கூழ் பேக்டரி. மாம்பழ சீசன் மே, ஜூன், ஜூலை. பள்ளிக்கூடம் திறக்கிறதும் அப்போதுதான். புதுப் புத்தகம் கையில் வருகிற நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. பெண் பிள்ளையாய் இருந்தால் குடம், அடுப்பு, தம்பிப் பாப்பா. அதற்கப்புறம்தான் நோட்டு.

2020க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வீட்டுப்பாடம் போனில் வருகிறது. வீட்டில் ஒரு போன்தான். அது அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விடுகிறது. இரவு பதினொரு மணிக்குப் போனும் வீட்டுப்பாடமும் சேர்ந்து வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிப்போயிருக்கிறது. மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அந்த 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட பிள்ளை, அ ஆ கற்க வேண்டிய வருசத்தில் வகுப்பறை வாசலையே மிதிக்காத பிள்ளை, 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்தது. அதன் கையில் இருப்பது ஆறாம் வகுப்புப் புத்தகம். வாசிப்போ மூன்றாம் வகுப்பில் நிற்கிறது. பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுகிற வாத்தியார் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்க வேண்டும்.

எட்டு வரைக்கும் எல்லாரும் பாஸ் என்பதைக் குறைசொல்ல நான் வரவில்லை. 2019இல் ஒன்றிய அரசு சட்டத்தைத் திருத்தி ஐந்திலும் எட்டிலும் பெயிலாக்க வழி செய்தது, தமிழ்நாடு கடைசியில் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் முதலில் வெளியே தள்ளப்படுவது யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்குத் தெரியும். ஆனால் பாஸ் போடுவது வேறு, வாசிக்க வைப்பது வேறு. எட்டு முடித்து ஒன்பதில் கால் வைக்கும்போது நம்ம பிள்ளை தடுக்கி விழுகிறது. பத்து இல்லையென்றால் நல்ல ஐடிஐ டிரேடு கிடையாது. ஐடிஐ இல்லையென்றால் சிப்காட்டில் கேட்டுக்கு உள்ளே பெருக்குகிற வேலை, கேட்டுக்கு வெளியே லோடு ஏற்றுகிற வேலை. 2009இல் போராடி அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வாங்கினோம். அந்த வாசலுக்குப் போய்ச் சேர வேண்டிய பிள்ளை ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் நின்றுபோனால் மூன்று என்ன, முப்பது என்ன?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2023இல் வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற என நாலு படியாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகம் போட்டார்கள். நல்ல புத்தகங்கள், எடுத்துப் பயன்படுத்துங்கள். எந்தத் திட்டமானாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வகுப்பு எந்தத் தெருவில் நடக்கிறது என்பது.

இனி சொற்களுக்கு வருகிறேன். 2018இல் தொடங்கி மாற்றிய தமிழ்ப் புத்தகத்தில் செய்யுளுக்குக் கீழே 'சொல்லும் பொருளும்' என்று ஒரு பெட்டி இருக்கும். பிள்ளை அதை நோட்டில் பார்த்து எழுதுகிறது. அல்லல், துன்பம். கீழே கையெழுத்து. துன்பம் என்றால் என்ன என்று கேட்டால் முழிக்கும். துன்பம் அதற்குத் தெரியாததா? அதன் வாயில் அந்தச் சொல் இல்லை, அவ்வளவுதான். ஒரு படிப்பகத்தில் ஏழாம் வகுப்புப் பெண் காட்டிய நோட்டைச் சொல்கிறேன். 'தூய்மை', வாக்கியத்தில் அமைத்து எழுதுக. அந்தப் பெண் எழுதியிருந்தது: "எங்க அம்மா தூய்மைப் பணியாளர்." அதைச் சிவப்பு மையில் அடித்து, தூய்மையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று திருத்தியிருந்தது. துப்புரவு என்ற சொல்லைத் தூய்மை என்று 2020இல் மாற்றியது அரசாங்கம்தானே? அரசாங்கம் கொடுத்த சொல்லை அந்தப் பெண் சரியான இடத்தில் போட்டிருக்கிறது. அந்தச் சிவப்பு மை எதை அடித்தது என்று யோசியுங்கள்.

இந்த எல்லையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்மில் பாதி வீட்டில் பேச்சு தெலுங்கு. தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர்ப் பக்கம் கன்னடம். 2006ஆம் வருசத்துத் தமிழ் கற்றல் சட்டப்படி முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயம். சிறுபான்மை மொழிப் பள்ளிகள் கோர்ட்டுக்குப் போய் விலக்கு வாங்கின. அந்த வழக்கைப் பற்றி ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் நிறையப் பேசிவிட்டார்கள். சேரியில் தெலுங்கு பேசுகிற பிள்ளை இரண்டு பக்கத்துப் பேச்சிலும் இல்லை. அதற்குத் தெலுங்குப் பள்ளிக்கூடமும் தூரம், தமிழ்ப் புத்தகமும் தூரம். தமிழ் தேசியம் பேசுகிறவர்கள் சிலர் அதை வந்தேறி என்பார்கள். பாடப்புத்தகம் அதை மக்கு என்று சொல்லாமல் சொல்லும்.

மக்கா? பாருங்கள். செய்யுளில் 'செப்பு' என்று வரும். பெட்டியில் பொருள் போட்டிருக்கும்: சொல். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு அது கடினச் சொல். அருந்ததியர் வீட்டில் "செப்பு, செப்பு" என்பது தினசரிப் பேச்சு. 'இல்' என்றால் வீடு என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். தெலுங்கில் இன்றைக்கும் வீடு இல்லுதான். 'மனை' கன்னடத்தில் மனெ. சிலப்பதிகாரத்தில் நாளங்காடி, மதுரைக்காஞ்சியில் அல்லங்காடி என்று வாத்தியார் விளக்குகிறார். அத்திப்பள்ளிக்குச் சாமான் வாங்கப் போகிற நம்ம பையன் போவதே அங்கடிக்குத்தான். சங்கப் பாட்டில் ரத்தத்துக்கு 'நெய்த்தோர்' என்று ஒரு சொல் உண்டு. புலவர் பட்டம் வாங்கினவர்களே அகராதியைத் தேடுவார்கள். தெலுங்கில் நெத்துரு, கன்னடத்தில் நெத்தரு. கால் கிழிந்த குழந்தை அழுதுகொண்டே சொல்லுகிற சொல்.

கன்னடத்துக்கு ஒரு சாவி இருக்கிறது. தமிழில் ப வருகிற இடத்தில் அங்கே பல சொற்களில் ஹ வரும். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு, பாடு ஹாடு. பழைய கன்னடத்தில் அங்கேயும் ப தான். ஹள்ளி என்றால் கிராமம். கெலவரப்பள்ளி, வேப்பனப்பள்ளி எல்லாம் எங்கிருந்து பெயர் பெற்றன என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஓசூரே ஹொச ஊரு, புது ஊர். இன்னொன்று எனக்குப் பிடித்தது. கன்னடத்தில் படி என்பதற்கு 'ஓது' என்பார்கள். தமிழில் ஓதுவது என்றால் வேதம் ஓதுவது, தேவாரம் ஓதுவது என்று கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எல்லைக்கு அந்தப்புறம் கடைப்பலகையையும் ஓதுகிறார்கள், பேப்பரையும் ஓதுகிறார்கள். இந்தப் பாடம் எந்த நோட்ஸிலும் வராது. நாம் நடத்தினால்தான் உண்டு. பிள்ளையின் வீட்டு மொழி அதற்குத் தடை என்று நினைத்துக்கொண்டு படிப்பகம் போகிறவர்கள் தயவுசெய்து போக வேண்டாம்.

சரி, ஒரு சொல் தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். எட்டு வரை படித்த இருபது வயதுப் பெண்கள் வருகிறார்கள். கையெழுத்து அழகாகப் போடுவார்கள். அதற்கு மேல், "சார், இதுல என்னா எழுதியிருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க." சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்ற சொல்லுக்கு எதிரே ஒரு தொகை. ஏன் பிடித்தார்கள் என்று கேட்க, முதலில் அந்தச் சொல்லைப் படிக்க வேண்டுமே. கைநாட்டு வைத்த பாட்டியாவது "எனக்குத் தெரியாது, படிச்சுக் காட்டு" என்று உரிமையோடு கேட்பாள். கையெழுத்துப் போடத் தெரிந்த பேத்தி கேட்கக் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள்.

இன்னொரு சொல், 'நிபந்தனை'. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய சொல் என்று நான் சொல்வேன். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்கள் நிலைமையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் நிலம் ஒப்படைக்க ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். நிபந்தனை என்ன? முதல் பத்து வருசம் விற்கக்கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் நம் மக்களுக்குள்ளேதான் விற்க வேண்டும். பத்திரத்தில் இருந்த அந்த ஒரு சொல்லைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் சேரியில் இருந்தார்கள். நிலம் எந்தப் பக்கம் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் திரண்டபோது துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். இன்றைக்குச் சூளகிரியைச் சுற்றித் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கிற காலம். காகிதத்தோடு ஆள் வருவார்கள். கிரயம், பாத்தியம், ஒப்படை, பவர் என்று இருக்கும். அன்றைக்கு வீட்டில் வாசிக்கப்போவது யார்? அந்த ஏழாம் வகுப்புப் பெண்தான். பின்வரிசைத் தோழருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

அம்பேத்கர் என்றதும் நாம் கொலம்பியாவைச் சொல்கிறோம். அதற்கு முன்னால் பரேலில் ஒற்றை அறை. அப்பா ராம்ஜி பையனுக்கு ஹோவர்டின் ஆங்கில வாசகங்களையும் தர்க்கட்கரின் மொழிபெயர்ப்புப் பாடநூல்களையும் கரைத்துப் புகட்டினார். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று தேடுகிற பழக்கம் அங்கே வந்தது. அறையில் இடம் போதாமல் பையனை முதலில் தூங்க வைத்து, தான் விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு எழுப்பி விளக்கின் முன் உட்காரவைப்பார் என்று தனஞ்செய் கீர் எழுதுகிறார். அந்த ராம்ஜி எப்படிப் படித்தவர்? பட்டாளத்தில். பட்டாளப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். நம் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ராம்ஜி இல்லை. தெருவுக்கு ஒருவராவது இருக்கலாமே.

இன்னொரு பள்ளிக் கட்டுரையையும் நினைவு வையுங்கள். பூலேயின் பள்ளியில் படித்த முக்தாபாய், மாங் சாதிச் சிறுமி. மகார், மாங் மக்களின் துயரம் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855இல் ஞானோதயா இதழில் வந்தது. பள்ளிப்பிள்ளை எழுதின கட்டுரை, தோழர்களே. யாரும் அதைச் சிவப்பு மையால் அடிக்கவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். கோலார் தங்கவயல் இங்கிருந்து எவ்வளவு தூரம்? 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய பத்திரிகையைத் தாங்கி நின்றவர்களில் சுரங்கத்தில் வேலை செய்த நம் பாட்டன்மார் முக்கியமானவர்கள். அவர் நூல்களை அச்சுப்போட்ட சித்தார்த்தா அச்சகமும் தங்கவயலில்தான் இருந்தது. பண்டிதர் வாழ்நாள் முழுக்கச் செய்ததும் சொல்லுக்குப் பொருள் தேடுகிற வேலைதான். யார் யாருக்கு என்ன பெயர் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று. பாதாளத்தில் எட்டு மணி நேரம் இருந்து மேலே வந்தவர்கள் அதை வாங்கிப் படித்தார்கள். ஷிப்டு முடிந்து வருகிற களைப்பை எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

வேலை முறைக்கு வருகிறேன். முதலில், வந்தவுடன் நோட்டை எடுக்கச் சொல்லாதீர்கள். வாய்விட்டு வாசிப்பு. ஒரு பிள்ளை அரைப் பக்கம் வாசிக்க, மற்றவர்கள் விரல் வைத்துத் தொடரட்டும். திக்கினால் சிரிக்கக்கூடாது, உடனே எடுத்தும் கொடுக்கக்கூடாது. பத்து எண்ணுங்கள். பாதிப் பிள்ளைகள் ஏழு எண்ணுவதற்குள் தானே வாசித்துவிடும். பெட்டியில் பதினைந்து சொல் இருந்தால் ஒரு இரவுக்கு ஐந்து போதும். நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: புத்தகச் சொல், பொருள், எங்க வீட்டில் இதுக்கு என்ன சொல்வோம். அப்புறம் சொந்தத் தெருவை வைத்து ஒரு வாக்கியம். பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டிய நோட்டை அதற்குப் பிறகு எழுதட்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அகராதி பார்க்கப் பழக்குங்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் முதலில் வந்தது, திருத்திய பதிப்புகளும் உண்டு. விலை கூடுதல்தான், படிப்பகத்துக்கு ஒன்று வசூல் பண்ணி வாங்கலாம். கல்லூரிப் பிள்ளைகளிலேயே பலருக்கு அகராதியில் எந்த எழுத்து எதற்கு அடுத்து வரும் என்று தெரியாது. வரிசையை முதலில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கும் இதே முறைதான். ஸ்பெல்லிங்கை மட்டும் உருப்போட வைப்பது வீண்.

அம்மாக்கள் சொல்வார்கள்: "எனக்கு எழுத்து தெரியாது தம்பி, நீயே சொல்லிக் குடு." விடாதீர்கள். "எழுத்து வேணாம்க்கா. பாப்பா படிக்கட்டும், நீங்க கேளுங்க. படிச்சு முடிச்சதும் அந்தக் கதைய நம்ம பேச்சுல சொல்லச் சொல்லுங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். புரியாமல் வாசித்த பிள்ளை கதை சொல்ல முடியாமல் மறுபடி புத்தகத்தைத் திறக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவை விடக் கறாரான பரிசோதகர் கிடையாது.

தம்பிப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள். பாப்பாவுக்கும் ஒரு பாய் போடுங்கள்.

வங்கி முடிந்து நான் வர ஆறரை ஆகிவிடும். செவ்வாயும் வெள்ளியும் என் பொறுப்பு. பாகலூர்ப் பக்கம் இரண்டு தெருவுக்கு இன்னும் ஆள் இல்லை, தெலுங்கு தெரிந்தவர்களாய் இருந்தால் நல்லது. கலைவதற்கு முன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.