பழைய மில்லிங் மெசினுக்குப் பவர் ஃபீட் பூட்டுதல்

(எமது சங்கத்தின் தொழில் வழிகாட்டற் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கடை ஆக்களிலை கனபேருக்கு இந்த நாட்டிலை முதல் கிடைச்சது பக்டறி வேலை. சிலர் இப்ப சொந்தமாய்ப் பட்டறை போட நினைக்கினம். புது மெசினுக்குக் காசு காணாது. பழைய பிரிட்ஜ்போர்ட் தேடுகினம். நல்ல யோசனைதான். 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மெசின் அது. பின்னர் இங்கிலாந்தில் லெஸ்டரிலும் செய்தார்கள். உதிரிப்பாகம் இன்றைக்கும் எடுக்கலாம்.

ஆனால் மேசையைக் கையாலை ஓட்டவேணும். அங்குலத் திருகென்றால் ஒரு சுற்றுக்கு 0.2 அங்குலம்தான் நகரும். 30 அங்குலம் போக 150 சுற்று, திரும்பிவர இன்னொரு 150. பின்னேரம் உங்கடை தோள்மூட்டைக் கேட்டுப் பாருங்கோ! 12 மி.மீ. ஹைஸ்பீட் ஸ்டீல் கட்டர், நாலு பல்லு, நிமிடத்துக்கு 660 சுற்று. ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் மேசை நிமிடத்துக்கு 132 மி.மீ. போகவேணும். அதாவது கைபிடி நிமிடத்துக்கு 26 சுற்று, ஒரே சீராய். ஆராலை ஏலும்? வேகம் மாறினால் வெட்டின முகத்திலை கோடு விழும்.

பவர் ஃபீட் பூட்டுறது பெரிய வித்தை இல்லை. மேசையின் ஒரு முனையிலை கைபிடியைக் கழற்றி, திருகுத்தண்டிலை சாவி வைச்சுச் சாய்பல்லுச் சக்கரத்தைப் போட்டு, மோட்டர்ப் பெட்டியை அதோடை பொருத்துறது. இரண்டு பல்லுக்கும் நடுவிலை ஒரு கடுதாசித் தடிப்பளவு இடைவெளி இருக்கவேணும். மெல்லிய பித்தளைத் தகடு வைச்சுச் சரிபண்ணலாம். முழுச் சுற்றும் கையாலை சுத்தி, எங்கையும் இறுகுதோ என்று பாருங்கோ. மோட்டர் 110 வோல்ட்டோ 230 வோல்ட்டோ என்று வாங்கமுன்னம் பார்க்கவேணும்.

பூட்ட முன்னம் செய்யவேண்டியதுதான் முக்கியம். மேசை எங்கேனும் இறுகினால் கைக்குத் தெரியும். மோட்டருக்குத் தெரியாது, தள்ளிக்கொண்டே போகும். பழைய திருகு நடுவிலைதான் கூடத் தேய்ஞ்சிருக்கும். நடுவுக்கு ஏற்ற மாதிரி நட்டை இறுக்கினால் இரண்டு கரையிலையும் பிடிக்கும். ஆகவே கரைக்கு ஏற்றபடி இறுக்கி, நடுவிலை கொஞ்சம் ஆட்டம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. எண்ணெய் வழியள் அடைச்சிருந்தால் கழற்றித் துப்பரவாக்கவேணும். இதைச் செய்யாமல் மோட்டர் பூட்டுறது, கண் தெரியாத மாட்டை வண்டியிலை கட்டுற மாதிரி.

திருகிலை ஆட்டம் உள்ள மெசினிலை கட்டர் சுத்துற திசைக்கு எதிராய்த்தான் மேசையை ஓட்டவேணும். திசை ஒத்துப்போனால் கட்டர் மேசையை இழுத்தெடுக்கும். கட்டர் உடையும், சாமானும் பறக்கும். எல்லைச் சுவிச்சுக்கான தடுப்புக் கட்டைகளை ஒவ்வொரு வேலைக்கும் புதிதாய் வையுங்கோ. நேற்றைய இடத்திலை விட்டால் இன்றைக்குக் கட்டர் வைஸிலை ஏறும்.

கடைசியாய் ஒன்று. வேகமாய்த் திருப்பியெடுக்கிற பொத்தானை அமத்தினால் மற்ற முனையிலை இருக்கிற கைபிடியும் அதே வேகத்திலை சுத்தும். சட்டைக் கையைப் பிடிக்கும், விரலை முறிக்கும். அந்தக் கைபிடியைக் கழற்றி வையுங்கோ, அல்லது வில்லு வைச்சுத் தானாய் விலகுற கைபிடி போடுங்கோ.

கேள்வி இருந்தால் தேத்தண்ணி நேரத்திலை கேளுங்கோ.